இர்மா வோய்ட்டும் முப்பத்தாறு பீப்பாய்களும்

இர்மா வோய்ட் தன் அறுபத்திரண்டு வயது வரை ஒரு கோப்பை பீரைக்கூட முழுசாகக் குடித்ததில்லை. விஸ்கான்சினில் பிறந்து, விஸ்கான்சினிலேயே கல்யாணம் செய்துகொண்டு, ஞாயிறு தவறாமல் லுத்தரன் சர்ச்சுக்குப் போய்வருகிற ஒருத்தி இப்படி இருப்பது, சர்ச் விருந்தில்கூடப் பீர் ஓடும் டெல்வுட் ஊரில், கொஞ்சம் சங்கடமான விஷயம்தான். கல்யாண வீடுகளில் கையில் கோப்பையைத் திணித்துவிடுவார்கள். மரியாதைக்காக ஒரு மணி நேரம் அதைத் தூக்கிக்கொண்டு திரிவாள். பிறகு யாரும் பார்க்காத நேரமாகப் பார்த்துப் பூந்தொட்டியில் ஊற்றிவிடுவாள். "இவ போயிட்டு வந்த வீட்டுல செடியெல்லாம் தள்ளாடிக்கிட்டு நிக்கும்" என்பார் அவள் கணவர் டெல்மர்.

அப்படிப்பட்டவளிடம்தான், அடுத்த சில வருஷங்களில், அந்த வட்டாரத்தில் வீட்டில் பீர் காய்ச்சும் ஆம்பளைகள் எல்லாரும் பீப்பாயைத் தோளில் சுமந்துகொண்டு, முகத்தைத் தொங்கப்போட்டபடி வந்து நின்றார்கள்.

அதற்கு முன்னால் அவள் என்ன செய்துகொண்டிருந்தாள் என்பதைச் சொல்ல வேண்டும். பக்கத்து டவுன் ஆஸ்பத்திரியின் அடித்தளத்தில் ஜன்னல் இல்லாத ஓர் அறை. அதில் முப்பத்தொரு வருஷம். மேல்மாடியில் சர்ஜன் கையை நீட்டினால் அந்தக் கையில் வந்து விழும் கத்தரி, இடுக்கி, கொக்கி எல்லாம் இர்மா தேய்த்து, நீராவியில் வேகவைத்து, எண்ணி, துணியில் சுற்றி மேலே அனுப்பியவை. அவளுக்கு நோயாளிகளைத் தெரியாது, நோயாளிகளுக்கும் அவளைத் தெரியாது. சர்ஜன்களுக்கு மட்டும் தெரியும். அவர்கள் அவளுக்குப் பயப்படுவார்கள்.

ஓய்வு பெற்று வீட்டுக்கு வந்த முதல் மாதம் ஜாம் பாட்டில்களையெல்லாம் வேகவைத்தாள். இரண்டாம் மாதம் நாயின் தட்டு. மூன்றாம் மாதம் டெல்மரின் மீன்தூண்டில் பெட்டி. தபால்காரராக இருந்து தானும் ஓய்வுபெற்றிருந்த டெல்மர், அடுத்தது தான்தான் என்று முடிவுகட்டி, வீட்டைவிட்டு வெளியே இருக்க ஒரு வழி தேடினார். டெல்வுட் வீட்டு பீர் சங்கத்தில் சேர்ந்தார்.

சங்கத்தில் டெல்மரோடு சேர்த்துப் பதினாலு பேர். தலைவர் லைல் யெலினெக். பள்ளிக்கூடத்தில் வேதியியல் வாத்தியார். தெரியாது என்ற வார்த்தையை அவர் வாயிலிருந்து கேட்டவர் யாருமில்லை. சங்கத்தில் எல்லாரும் பீரை நிரப்பியது பழைய சோடாப் பீப்பாய்களில். ஒல்லியாக, இடுப்பு உயரத்துக்கு, எவர்சில்வரில் இருக்கும். முன்பு ஓட்டல்களுக்குச் சோடாப்பாகு இதில்தான் வந்துகொண்டிருந்தது. கம்பெனிகள் பாகைப் பிளாஸ்டிக் பையில் போட்டு அட்டைப்பெட்டியில் அனுப்பத் தொடங்கிய பிறகு இவை கேட்பாரற்றுக் கிடந்தன. பீர் காய்ச்சுகிறவர்களுக்கோ புதையல். ஒன்றை வாங்கி, காய்ச்சியதை ஊற்றி, நுரைக்குக் கேஸைக் கொடுத்தால் ஐம்பது பாட்டில் கழுவுகிற வேலை மிச்சம்.

டெல்மரும் ஒன்று வாங்கினார். காய்ச்சினார். சங்கத்துக்குக் கொண்டுபோனார்.

டெல்வுட்டில் யாரும் யாரையும் முகத்துக்கு நேரே குறை சொல்ல மாட்டார்கள். ஒரு பொருள் பிரமாதமாக இருந்தால் "அவ்வளவு மோசமில்ல" என்பார்கள். சுமாராக இருந்தால் "நல்லா இருக்கு" என்பார்கள். வாயில் வைக்க முடியவில்லை என்றால்தான் "வித்தியாசமா இருக்கு" என்பது. டெல்மரின் பீரைக் குடித்த பதின்மூன்று பேரும் ஒருவர் பின் ஒருவராக "வித்தியாசமா இருக்கு" என்றார்கள். பாஸ்டர் ஹாகன் மட்டும் கண்ணை மூடிக்கொண்டு, "ரொம்பவே வித்தியாசமா இருக்கு, டெல்மர்" என்றார். ஜெபம் செய்கிறாரோ என்று பக்கத்திலிருந்தவருக்குச் சந்தேகம் வந்ததாம்.

டெல்மர் மீதி பீரோடு வீடு திரும்பி, சமையலறை நாற்காலியில் உட்கார்ந்தார். இர்மா கோப்பையை எடுத்து மூக்கருகே கொண்டுபோனாள். குடிக்கவில்லை. மோந்து மட்டும் பார்த்தாள்.

"டெல்மர், இந்தப் பீப்பாய எப்படிக் கழுவின?"

"கழுவுனேனே."

"எப்படின்னு கேட்டேன்."

"தோட்டத்துக் குழாயில. ரெண்டு தடவ." இர்மாவின் முகத்தைப் பார்த்துவிட்டு அவரே சேர்த்துக்கொண்டார்: "நல்லாக் குலுக்கினேன்."

"கழட்டினியா?"

"கழட்டறதா? அதுல கழட்டறதுக்கு என்ன இருக்கு?"

இர்மா எழுந்துபோய்ப் பரணிலிருந்து தன் பழைய ரப்பர் கையுறைகளை எடுத்துவந்தாள்.

கழட்டுவதற்கு நிறைய இருந்தது. கராஜில் வெள்ளைத் துண்டை விரித்து, பீப்பாயை அதன் மேல் நிறுத்தினார்கள். டெல்மர் நேராக மூடியின் கொக்கியைத் தூக்கினார். உள்ளே மிச்சமிருந்த கேஸ் வேலையைக் காட்டியது. மூடி பறந்துபோய்க் கூரையில் மோதி, டெல்மரின் காரின் மேல் விழுந்தது. நாய் அன்றைக்கு முழுக்க கராஜ் பக்கமே வரவில்லை.

"முதல்ல காத்த வெளிய விடணும்" என்றாள் இர்மா. "மூடியில இந்த வளையம் எதுக்கு இருக்குன்னு நெனச்ச, அழகுக்கா?"

பிறகு அவளே ஸ்பேனரை வாங்கிக்கொண்டாள். பீப்பாயின் தலையில் இரண்டு மூக்குகள். ஒன்று கேஸ் உள்ளே போக, மற்றது பீர் வெளியே வர. பார்க்க இரட்டைப் பிள்ளைகள் மாதிரி இருக்கும். கேஸ் மூக்கின் அடியில் மட்டும் சின்ன வெட்டு ஒன்று உண்டு. இரண்டையும் திருகி எடுத்தாள். ஒவ்வொன்றின் உள்ளேயும் ஸ்பிரிங் வைத்த குட்டி வால்வு. அதற்குக் கீழே குழாய். கேஸுக்குக் குட்டைக் குழாய், பீருக்கு அடிவரை போகும் நெட்டைக் குழாய். ஆங்காங்கே ரப்பர் வளையங்கள், மொத்தம் ஐந்து. எல்லாவற்றையும் துண்டின் மேல் வரிசையாக வைத்தாள். நெட்டைக் குழாயை எடுத்து ஒரு முனையில் டார்ச்சை அடித்து, மறுமுனையில் கண்ணை வைத்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள்.

"என்ன தெரியுது?" என்றார் டெல்மர்.

"எதுவுமே தெரியல. அதான் விஷயம்."

குழாய் அடைத்துக்கொண்டிருந்தது. பிரஷ்ஷை உள்ளே விட்டுத் தள்ளினாள். பழுப்பு நிறத்தில், அரை விரல் நீளத்தில் ஏதோ ஒன்று வெளியே வந்து துண்டின் மேல் விழுந்தது. அதைப் பார்த்த டெல்மர் கராஜுக்கு வெளியே போய்க் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தார்.

"இத நீ பதிமூணு பேருக்குக் குடுத்திருக்க" என்றாள் இர்மா. "அதுல ஒருத்தர் பாஸ்டர்."

சலவை சோடா கரைத்த சுடுதண்ணீரில் உலோகமெல்லாம் ஒரு நாள் ஊறியது. ரப்பர் வளையங்களை அவள் ஊறப்போடவே இல்லை. அவற்றில் பத்து வருஷத்துச் சோடா வாசனை ஏறியிருந்தது. குப்பையில் போட்டுப் புதுசு வாங்கிவரச் சொன்னாள். எல்லாவற்றையும் தேய்த்து, அலசி, உணவுக்கு ஆகிற கிரீஸை ரப்பரில் மெலிசாகத் தடவி, மறுபடி பூட்டினாள். கேஸ் ஏற்றி, சோப்புத் தண்ணீரை மூக்குகளின் மேலும் மூடியைச் சுற்றியும் தெளித்தாள். ஒரு குமிழிகூட வரவில்லை. டெல்மர் அடுத்த தடவை காய்ச்சிக் கொண்டுபோன பீரைக் குடித்துவிட்டு, லைல் யெலினெக் கோப்பையைக் கீழே வைத்து, "அவ்வளவு மோசமில்ல" என்றார். டெல்மர் வீடு வரும் வழியெல்லாம் சீட்டியடித்துக்கொண்டு வந்தார்.

செய்தி பரவியது. முதலில் கோர்டி மாக்கி என்ற தச்சர் ஒரு பீப்பாயோடு வந்தார். பின்னாலேயே பாஸ்டர் வந்தார். அப்புறம் எல்லாரும். இர்மா யாரையும் வெறுங்கையோடு திருப்பி அனுப்பவில்லை. கழுவிய பீப்பாயோடு, உள்ளிருந்து என்ன வந்தது என்பதையும் ஒரு ஜாம் பாட்டிலில் போட்டு, உரியவர் பெயரெழுதிக் கொடுத்துவிடுவாள். அவர்கள் அவளைச் "சிஸ்டர்" என்று கூப்பிடத் தொடங்கினார்கள்.

"நான் நர்சும் இல்ல, கன்னியாஸ்திரியும் இல்ல" என்றாள் இர்மா.

"சரி, சிஸ்டர்" என்றார் கோர்டி.

லைல் யெலினெக்கின் பாட்டில்தான் பேர்வாங்கியது. சங்கக் கூட்டத்தில் எல்லார் முன்னாலும் அதை மேஜை மேல் வைத்தாள் இர்மா. உள்ளே, இறக்கையோடு முழுசாக, ஒரு விட்டில் பூச்சி.

"அது காய்ச்சும்போது போடற ஹாப்ஸ் பூவோட இதழா இருக்கும்" என்றார் லைல். "ஊறினா இந்த மாதிரி ஆயிடும்."

"ஹாப்ஸ் பூவுக்குக் கால் இருக்காது, மிஸ்டர் யெலினெக்."

லைல் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். முந்தின வருஷம் கவுண்டி கண்காட்சியில் அவருக்கு முதல் பரிசான நீல ரிப்பன் வாங்கித் தந்தது அந்தப் பீப்பாயிலிருந்து போன பீர்தான். "மெல்லிய மண்வாசனை" என்று நடுவர் குறிப்பே எழுதியிருந்தார். அந்தக் குறிப்பை லைல் சட்டம்போட்டு மாட்டியிருந்தார். இது கோர்டிக்கு ஞாபகம் வந்து, சிரிப்பை அடக்க முடியாமல் நாற்காலியோடு பின்னால் சாய்ந்து விழுந்தார். லைல் தன் பாட்டிலை எடுத்துக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டு, குட்நைட்கூடச் சொல்லாமல் போய்விட்டார். டெல்வுட்டில் அது பெரிய கோபம்.

"எல்லார் முன்னாடியும் வெக்கணுமா இர்மா?" என்றார் டெல்மர்.

"சர்ஜனா இருந்தாலும் முன்னாடிதான் வெப்பேன்."

"அவரு சர்ஜன் இல்லையே. பாவம், வாத்தியாரு."

இரண்டு வருஷம் இப்படிப் போனது. தொண்ணூற்றாறாம் வருஷக் கோடையில் சங்கம் ஒரு பெரிய காரியத்துக்குத் துணிந்தது. நாலு ஊர்ச் சங்கங்களை அழைத்து, ஆகஸ்ட் மாத இரண்டாவது சனிக்கிழமை ஏரிக்கரையில் விருந்து. அதே சமயத்தில் வடக்கே ஓர் ஊரில் சோடா ஆலை ஒன்றை மூடினார்கள். முப்பத்தாறு பீப்பாய்கள், வேண்டுமானால் எடுத்துக்கொண்டு போங்கள் என்று சொல்லிவிட்டார்கள். கோர்டியின் லாரியில் அவை இர்மாவின் வீட்டு வாசலில் வந்து இறங்கியபோது விருந்துக்கு ரெண்டு வாரம் இருந்தது.

இர்மாவுக்கு ஆஸ்பத்திரிக் காலம் திரும்பியது போல இருந்தது. அடித்தள அறையில் பிங்பாங் மேஜையைத் துடைத்து வெள்ளைத் துணி விரித்தாள். ஏழு பேசின்கள் வைத்தாள். மூடிகளை ஒன்றில், கேஸ் மூக்குகளை ஒன்றில், பீர் மூக்குகளை ஒன்றில், குட்டி வால்வுகளை ஒன்றில், குட்டைக் குழாய்களை ஒன்றில், நெட்டைக் குழாய்களை ஒன்றில் போட்டாள். ஏழாவது, கை கழுவ. ரெண்டே நாளில் முப்பத்தாறையும் கழட்டிவிட்டாள்.

படிக்கட்டில் நின்று பார்த்துக்கொண்டிருந்த டெல்மர், "எது எந்தப் பீப்பாயோடதுன்னு அடையாளம் எதாவது போட வேண்டாமா?" என்றார்.

"டெல்மர், முப்பத்தொரு வருஷம்" என்றாள் இர்மா. "ஒரே மாதிரி சாமான் ஒரே பேசின். ஒரு நாளும் தப்பு வந்ததில்ல."

டெல்மர் மேலே போய்விட்டார்.

எல்லாம் பளபளவென்று ஊறி எழுந்த பிறகு பூட்டத் தொடங்கினாள். முதல் பீப்பாய்க்கு முதல் மூக்கு. ஒரு சுற்று போனது, நின்றுவிட்டது. வேறொன்றை எடுத்தாள். அது சுற்றவே இல்லை. மூன்றாவது அழகாக இறங்கியது. ஆனால் கேஸ் ஏற்றியதும் புஸ்ஸென்று மூச்சு விட்டது. குட்டி வால்வு அந்த மூக்குக்கு அரை நூல் குட்டை. கண்ணாடியை மாட்டிக்கொண்டு பீப்பாய்களின் பக்கவாட்டில் அச்சடித்திருந்ததைப் படித்தாள். நாலு வேறு வேறு கம்பெனிகள் செய்தவை. கம்பெனிக்குக் கம்பெனி மரை வேறு, வால்வு வேறு, குழாயின் நீளம் வேறு. கண்ணுக்கு எல்லாம் ஒன்று. கைக்குத்தான் வேறு. ஆஸ்பத்திரியில் எல்லா இடுக்கியும் ஒரே கம்பெனியிடமிருந்து வந்துகொண்டிருந்தது என்பதை அவள் வாழ்நாளில் முதல் தடவையாக யோசித்துப் பார்த்தாள்.

படிக்கட்டில் உட்கார்ந்தாள். டெல்மர் இறங்கி வந்து பார்த்தார். பேசின்களைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், ஒரு வார்த்தை சொல்லவில்லை. நாற்பது வருஷக் குடும்பத்தில் அவர் செய்த மிகப் புத்திசாலித்தனமான காரியம் அதுதான்.

அதற்குப்பின் மூன்று நாள் இர்மா பொய் சொன்னாள். சங்கத்திலிருந்து யார் போன் பண்ணினாலும் ஒரே பதில்: "இன்னும் ஊறிக்கிட்டு இருக்கு."

"என்னம்மா, இன்னுமா ஊறுது?" என்றார் பாஸ்டர் ஹாகன். "எங்க நார்வேக்காரங்க கிறிஸ்துமஸ் கருவாடுகூட இத்தன நாள் ஊறாது."

"பாஸ்டர், உங்களுக்குச் சுத்தமா வேணுமா, சீக்கிரமா வேணுமா?"

போனை வைத்ததும் அவளுக்குக் காது சூடாகிவிட்டது. பாஸ்டரிடம் பொய் சொன்னதற்கு இல்லை. அதட்டியதற்கு. தப்பு அவளுடையது, அதட்டல் வாங்கியது அவர். ராப்பகலாக என்றில்லாவிட்டாலும் காலை முதல் சாயங்காலம் வரை தனியாக மாற்றி மாற்றித் திருகிப் பார்த்துக்கொண்டே இருந்தாள். நாலு பீப்பாய் சேர்ந்தது. விரல் முட்டி வீங்கியது. விருந்துக்கு இன்னும் ஐந்தே நாள்.

"சொல்லிடலாம் இர்மா" என்றார் டெல்மர். "எல்லாரும் வந்தா ஒரு நாள் வேலை."

"நீ போய்ச் சொன்னா, நான் மினசோட்டாவுல என் தங்கச்சி வீட்டுக்குப் போயிடுவேன்."

"உனக்குத்தான் உன் தங்கச்சியப் பிடிக்காதே."

"அதான் சொல்றேன். அப்படியும் போயிடுவேன்னா பாத்துக்க."

டெல்மர் போகவில்லை. மறுநாள் காலை இர்மாவே போனாள். யாரிடம் போவது என்பதைத் தூங்காமல் படுத்தபடி ஏற்கெனவே முடிவுசெய்திருந்தாள். பாஸ்டரிடம் போவது சுலபம், மன்னிப்பது அவர் உத்தியோகம். கோர்டியிடம் போனால் சிரிப்பார், அதோடு முடிந்தது. லைல் யெலினெக்கிடம்தான் போக வேண்டும்.

லைல் வீட்டு முன்னால் புல்வெட்டும் யந்திரத்தைத் தள்ளிக்கொண்டிருந்தார். அவளைப் பார்த்து நின்றார். யந்திரத்தை நிறுத்தவில்லை.

"மிஸ்டர் யெலினெக், நான் ஒரு தப்பு பண்ணிட்டேன்" என்றாள் இர்மா.

லைல் காதில் கையை வைத்தார். பிறகு குனிந்து, அவசரமே இல்லாமல், யந்திரத்தை அணைத்தார். "மன்னிக்கணும், சத்தத்துல கேக்கல. என்ன சொன்னீங்க?"

"நான் ஒரு தப்பு பண்ணிட்டேன்."

"அப்படியா" என்றார் லைல். முதல் தடவையே அவருக்குக் கேட்டுவிட்டது என்று இர்மாவுக்குத் தெரிந்தது. தெரிந்தது என்று அவருக்கும் தெரிந்தது. அவள் நின்ற இடத்திலேயே எல்லாவற்றையும் சொன்னாள். நாலு கம்பெனி, ஏழு பேசின், மூன்று நாள் பொய். லைல் புல்லைப் பார்த்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். ஒரு தடவை உதட்டோரம் துடித்தது, அடக்கிக்கொண்டார்.

"பீப்பாய் முப்பத்தாறு. மூக்கு எழுபத்திரண்டு. வால்வு எழுபத்திரண்டு" என்றார். "கணக்குப் போட்டா எத்தன விதமாச் சேரும் தெரியுமா உங்களுக்கு?"

"தெரியாது."

"எனக்கும் தெரியாது" என்றார் லைல். டெல்வுட் வரலாற்றில் அது பதிவாக வேண்டிய வாக்கியம். ஆனால் அங்கே இருந்தது இர்மா மட்டும்தான். "நாளைக்குக் காலைல எல்லாரையும் கூட்டிட்டு வரேன்."

புதன்கிழமை காலை பதின்மூன்று பேர் இர்மாவின் அடித்தள அறைக்கு இறங்கிவந்தார்கள். எல்லாரும் படிக்கட்டிலேயே தொப்பியைக் கழற்றிவிட்டார்கள். அவள் தயாராக இருந்தாள். இரண்டு வருஷத்துக்கான ஜாம் பாட்டில்களையெல்லாம் அவர்கள் இன்றைக்குத் திருப்பித் தருவார்கள் என்று எதிர்பார்த்து முகத்தை இறுக்கி வைத்திருந்தாள். யாரும் எதையும் தரவில்லை.

"யாருக்கு வேணா நடக்கும், சிஸ்டர்" என்றார் ஒருவர்.

"எனக்கெல்லாம் தினமும் நடக்கும்" என்றார் இன்னொருவர்.

"நல்லாத்தான் ஊறியிருக்கு, பாருங்க எப்படி மின்னுது" என்றார் பாஸ்டர்.

இர்மாவுக்கு அழுகை வருகிற மாதிரி ஆகிவிட்டது. "யாராவது ஒருத்தர் திட்டுங்களேன்" என்றாள். ஆம்பளைகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அப்படிச் செய்யத் தெரிந்தவர் யாரும் அங்கே இல்லை.

கடைசியாக லைல் இறங்கிவந்தார். பள்ளிக்கூட ஆய்வகத்தின் வெள்ளைக் கோட்டு, இஸ்திரி போட்டது. யாரையும் பார்க்காமல் நேராக ஏழாவது பேசினுக்குப் போய், கோட்டுக் கையை மடித்து, முழங்கை வரை சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவினார். நகக்கண்ணைக்கூடப் பிரஷ்ஷால் தேய்த்தார். கையை உயரத் தூக்கிப் பிடித்தபடி சர்ஜன் மாதிரி திரும்பினார்.

"சிஸ்டர்," என்றார், "நீங்க கை கழுவினீங்களா?"

இர்மா தன் கையைப் பார்த்தாள். கழுவவில்லை. காலையிலிருந்து கவலையில் மறந்தேபோயிருந்தாள். அவள் போய், அவர் நின்ற இடத்தில் நின்று, முழங்கை வரை கழுவினாள். கழுவி முடித்துத் திரும்பியபோது லைல் துண்டை நீட்டிக்கொண்டிருந்தார். கோர்டிதான் முதலில் சிரித்தார். பிறகு எல்லாரும். இர்மாவும்.

வேலை தொடங்கியது. பீப்பாய்களைக் கம்பெனி வாரியாக நாலு மூலையில் பிரித்தார்கள். மூலைக்கு மூன்று பேர். ஒருவர் பீப்பாயைப் பிடிக்க, ஒருவர் மூக்கை விரலால் திருக, ஒருவர் சோப்புத் தண்ணீர். லைலும் இர்மாவும் மேஜையில். இர்மா விதி ஒன்றைச் சொன்னாள்: முதல் மூன்று சுற்று வெறும் விரலால் போக வேண்டும். போகவில்லை என்றால் அது அந்தப் பீப்பாயோடது இல்லை.

"கொஞ்சம் ஸ்பேனரப் போட்டா போயிடும்" என்றார் கோர்டி.

"உங்க பல்லுல போடுங்க!" என்றாள் இர்மா. "மரை போச்சுன்னா பீப்பாயே போச்சு!"

அதட்டலைக் கேட்டதும் பதின்மூன்று பேர் முகத்திலும் ஒரு நிம்மதி வந்தது. அப்பாடா, சிஸ்டர் சரியாகிவிட்டார்.

குட்டி வால்வுகள்தான் உயிரை எடுத்தன. லைல் ஒவ்வொன்றாக ஸ்கேலில் வைத்து அளந்து, நோட்டில் குறித்து, நாலு தட்டில் பிரித்தார். இர்மாவுக்கு ஸ்கேல் தேவைப்படவில்லை. கட்டைவிரலால் ஸ்பிரிங்கை ஒரு அமுக்கு அமுக்கி, "ரெண்டாவது தட்டு" என்பாள். லைல் சந்தேகத்தோடு அளந்து பார்ப்பார். சரியாக இருக்கும். பத்துத் தடவை அளந்து பார்த்துவிட்டு, பதினோராவது தடவை ஸ்கேலைக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டார்.

நடுவில் சாப்பாடு. டெல்மர் வெங்காயத்தோடு பீரில் வேகவைத்துச் சுட்ட சாசேஜும் உருளைக்கிழங்கு சாலடும் கொண்டுவந்தார். இர்மா யாரையும் மேஜைப் பக்கம் தட்டோடு வர விடவில்லை. படிக்கட்டில் வரிசையாக உட்கார்ந்து சாப்பிட்டார்கள்.

சாயங்காலம் நாலு மணிக்கு முப்பத்தைந்து பீப்பாய்கள் கேஸ் பிடித்து நின்றன. முப்பத்தாறாவதுக்கு ஒரு பீர் மூக்கு இல்லை. பேசினில் இல்லை. மேஜைக்கு அடியில் இல்லை. லைல் நோட்டைப் பார்த்தார். காலையில் எண்ணியபோது எழுபத்திரண்டு. இப்போது எழுபத்தொன்று.

"நான் வேற ஒண்ணு தேடி வாங்கிடறேன்" என்று கோர்டி தொப்பியை எடுத்தார்.

"நில்லுங்க." இர்மா படிக்கட்டின் முன்னால் போய் நின்றாள். "எங்க ஆபரேஷன் தியேட்டர்ல எண்ணிக்கை சரியாகுற வரைக்கும் நோயாளியத் தைக்க மாட்டாங்க. யாரும் வெளியவும் போக முடியாது. பாக்கெட்ட எல்லாம் வெளிய எடுங்க."

வயசான ஆம்பளைகள் வரிசையாகப் பாக்கெட்டை வெளியே இழுத்துவிட்டுக்கொண்டு நின்றார்கள். சாவி, கைக்குட்டை, பேனாக்கத்தி, மீன்தூண்டில் முள், பாதி தின்ற மிட்டாய் எல்லாம் மேஜைக்கு வந்தன. மூக்கு வரவில்லை. நாயைத் தூக்கிக் குலுக்கிப் பார்த்தார் டெல்மர். குட்டைக் குழாய் பேசினில் லைல் கையை விட்டுத் துழாவினார்.

"பாஸ்டர்," என்றாள் இர்மா, "உங்க கண்ணாடி எங்க?"

"பெட்டியில. ஏன், ஸ்வெட்டர் பையில இருக்கு."

"நீங்க பாக்கெட்ட வெளிய எடுக்கலியே."

"நானா?" பாஸ்டர் ஹாகன் சிவந்துபோனார். "நான்... என்னையும் சேத்துச் சொன்னீங்கன்னு நெனைக்கல."

ஸ்வெட்டர் பையிலிருந்து கண்ணாடிப் பெட்டி வந்தது. பெட்டியைத் திறந்தால் கண்ணாடிக்குப் பக்கத்தில் பளபளவென்று படுத்திருந்தது பீர் மூக்கு. சின்ன எழுத்தைப் படிக்கக் கண்ணாடியை எடுத்தவர், திரும்ப வைக்கும்போது கையிலிருந்ததையும் சேர்த்து வைத்து மூடிவிட்டிருந்தார். ஞாயிற்றுக்கிழமை பிரசங்கத்தில் அவர் மறதியைப் பற்றிப் பேசுவார் என்று கோர்டி அங்கேயே பந்தயம் கட்டினார். பாஸ்டரோ களவைப் பற்றிப் பேசினார்.

சனிக்கிழமை விருந்து நன்றாகவே நடந்தது. நாலு ஊர்க்காரர்களும் ஏரிக்கரைக் கூடாரத்தில் முப்பத்தாறு பீப்பாய்களைப் பார்த்து வாயைப் பிளந்தார்கள். ஒன்றுகூட ஒழுகவில்லை. ஒரே ஒரு மனஸ்தாபம். கோர்டியின் பீர், இத்தனை சுத்தமான பீப்பாயிலிருந்து வந்தும், வாயில் வைக்க முடியவில்லை. இத்தனை நாளும் தன் பழைய பீப்பாய்மேல் பழியைப் போட்டு வந்தார். இப்போது எல்லாரும் ஊற்றியது இர்மாவின் அதே பீப்பாய்களில்தான் என்று ஊருக்கே தெரியும். கடைசியில் அவரே லைலிடம் போய், "உண்மையச் சொல்லுய்யா, எனக்குக் காய்ச்சத் தெரியலயா?" என்று கேட்டார். லைல் உண்மையைச் சொன்னார். கோர்டி அரைமணி நேரம் ஏரியைப் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு வந்து, அந்த வருஷம் முதல் தச்சு வேலையோடு நிறுத்திக்கொண்டார். சங்கத்தின் பீப்பாய்களுக்கெல்லாம் அலமாரி செய்து கொடுத்தது அவர்தான்.

இர்மா அதற்கப்புறம் ஒன்பது வருஷம் அந்த வேலையைச் செய்தாள். டெல்மரின் பழைய தபால் இலாகாச் சட்டைகளைக் கிழித்துப் பீப்பாய்க்கு ஒன்றாகப் பை தைத்தாள். ஒரு பீப்பாயின் சாமான் இன்னொன்றின் பைக்குப் போகவே முடியாது. புதிதாகச் சேருகிறவர்களுக்குப் பேசின் கதையை அவளே சொல்வாள், யாரும் முந்திக்கொள்ள விட மாட்டாள். விட்டில் பூச்சிக் கதையை மட்டும் அவள் சொல்வதில்லை. அதை லைலிடம் விட்டுவிட்டாள். அவர் வருஷா வருஷம் பூச்சியின் நீளத்தைக் கொஞ்சம் கூட்டிக்கொண்டே போனார்.

அந்த விருந்தன்று சாயங்காலம், அவள் கூடார நிழலில் எலுமிச்சைச் சாறோடு உட்கார்ந்திருந்தபோது, பக்கத்து ஊர்ச் சங்கத்துத் தலைவர் ஒருவர் வந்து தொப்பியைக் கையில் சுருட்டிக்கொண்டு நின்றார்.

"அம்மா, எங்ககிட்டயும் இருபது இருக்கு. லாரியிலதான் கெடக்கு. ரொம்ப அழுக்கெல்லாம் இல்ல. நாங்க நல்லாக் குலுக்கித்தான் கழுவுவோம்."

டெல்மர் அவர் பின்னாலிருந்து வேண்டாம் வேண்டாம் என்று தலையை ஆட்டினார். இர்மா எலுமிச்சைச் சாற்றைக் கீழே வைத்துவிட்டு எழுந்தாள்.

"எத்தன கம்பெனியோடது?" என்று கேட்டுக்கொண்டே லாரியைப் பார்த்து நடந்தாள்.